வாய்ப்பூட்டுக்கு முன்னால் ஒரு கதை

எங்கள் பழைய தியேட்டர் ஆட்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. தியேட்டர் என்றால் சினிமா இல்லை, ஆபரேஷன் தியேட்டர். என்னைப் போல ஓய்வு பெற்ற நர்ஸுகளும் இப்போது வேலையில் இருக்கும் பிள்ளைகளும் அதில் உண்டு. காலை வணக்கம், பூப்படம், முட்டி வலிக்குக் கஷாயம், இவைதான் அங்கே ஓடும். போன மாதம் ஒரு சின்னப் பெண் ஒரு படம் போட்டாள். துருப்பிடித்த இரும்புச் சட்டம், பக்கத்தில் பல் பல்லாக ஒரு கம்பி. "அக்கா, ஸ்டோர் ரூம் காலி பண்றோம். இது என்னதுன்னு யாருக்காச்சும் தெரியுமா? தூக்கிப் போட்டுடலாமா?"

உடனே ஆரம்பித்துவிட்டார்கள். பெரிய பாக்குவெட்டி என்றாள் ஒருத்தி. ரொம்பப் பேசுகிற புருஷனுக்கு மாட்டுவது என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு முகங்களாக வந்து விழுந்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அது வாய்ப்பூட்டு. தூக்கிப் போடாதே, துடைத்து வை" என்று மட்டும் எழுதினேன். ஏன் அக்கா என்று கேட்டாள். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் கட்டை விரலால் எழுதுகிற சமாசாரமா அது? அதனால்தான் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கிலீஷில் அதற்கு மவுத் கேக் (gag) என்று பேர். தின்கிற கேக் இல்லை. அந்தச் சொல்லுக்குப் பேசவிடாமல் வாயை அடைப்பது என்றும் அர்த்தம் உண்டாம், சிரிக்க வைக்கிற துணுக்கு என்றும் அர்த்தம் உண்டாம். எங்கள் டாக்டர் ஒரு நாள் சொன்னார். எங்கள் ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் வாய்ப்பூட்டு என்றே பேர் வைத்துவிட்டார்கள். வாயைத் திறந்து வைக்கிற கருவிக்குப் பூட்டு என்று பேர் வைத்த புண்ணியவான் யாரோ.

நான் குடியாத்தம் பக்கத்துப் பெண். வேலூரில் படிப்பு, வார்டு வேலை, திட்டு, அழுகை எல்லாம் மற்றவர்களுக்கு இருந்த மாதிரியேதான் எனக்கும் இருந்தது, அதை விடுங்கள். கல்யாணமாகி கே.ஜி.எஃப். வந்தபோது மைன்ஸ், அதாவது தங்கச் சுரங்கம், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பிறகு மூடியே விட்டார்கள். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார், அவரும் வெளியூர்தான். சுரங்கப் பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது. இத்தனை வருஷம் ஊருக்கு வருகிற பேத்தமங்களா ஏரித் தண்ணீரைக் குடித்தும் ஒரு நாள்கூட நான் பூமிக்குக் கீழே இறங்கிப் பார்த்ததில்லை. அந்த வெட்கம் எனக்கு இப்போது இருக்கிறது.

தியேட்டரில் எனக்குப் பெரியவர் டாக்டர் சுமித்ரா. காது மூக்கு தொண்டை. கோலார்க்காரர், வீட்டில் கன்னடம். எங்களோடு பேசிப் பேசிப் பழகிய தமிழ். ஒரு நாளும் குரலை உயர்த்தியது கிடையாது. கத்தி, கத்தரி எதையும் வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார். உள்ளங்கையை விரித்து நீட்டுவார், அவ்வளவுதான். எது வேண்டும் என்று நாம்தான் தெரிந்து வைக்க வேண்டும். தப்பான கருவியை வைத்துவிட்டால் திட்ட மாட்டார். கையை மூடாமல் அப்படியே வைத்திருப்பார். அதற்குத் திட்டே தேவலை என்று இருக்கும்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. நோயாளி டேபிளில் படுத்துவிட்டால், மயக்கம் ஏறுகிற வரைக்கும் யாரும் பேசக்கூடாது. சிரிக்கவே கூடாது. புதிதாக வந்த நான் ஒரு நாள் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டேன். வேலை முடிந்து கை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"சிஸ்டர், நான் படிக்கிற காலத்துல ஒரு அம்மா அரை மயக்கத்துல படுத்திருந்தாங்க. நாங்க சினிமாக் கதை பேசிச் சிரிச்சோம். கண் முழிச்சதும் அந்தம்மா அழுதுட்டே கேட்டாங்க, என் உடம்புல எதைப் பார்த்துச் சிரிச்சீங்கன்னு. படுத்திருக்கிறவங்களுக்கு எல்லாச் சிரிப்பும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புதான். நெனப்புல வெச்சுக்குங்க."

வைத்துக்கொண்டேன். மனுஷத்தன்மையில் போட்ட சட்டம் அது, கண்டிப்புக்காகப் போட்டதில்லை. அதனால்தான் பின்னால் நடந்ததை நினைத்தால் யார் மேலும் கோபப்பட முடியாமல் திண்டாடுகிறேன்.

வாய்ப்பூட்டு வைப்பதற்கென்று அவர் ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் உதட்டில் வாசலின் தடவ வேண்டும். இரும்பில் உதடு சிக்கிக் கிழியக்கூடாது. பிறகு விரலால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். மயக்கம் ஏறிய பிறகு நாக்கை நடுவில் நிறுத்தி, தகட்டை உள்ளே விட்டு, கம்பியை ஒவ்வொரு பல்லாக நகர்த்த வேண்டும். கிளிக், கிளிக் என்று சத்தம் வரும். அவசரப்பட்டு இரண்டு பல் தாண்டினால் தாடை வலி ஒரு வாரத்துக்கு இருக்கும். ஒரு தடவை டான்சில் ஆபரேஷனுக்கு வந்த குழந்தைக்குப் பால் பல் ஆடியது. டாக்டரே அதைப் பிடுங்கி, பஞ்சில் சுற்றி, கண் விழித்ததும் அதன் கையிலேயே கொடுத்தார். "உன் சொத்து" என்றார். அப்படி ஒரு மனுஷி.

அந்த டாக்டரிடம்தான் கௌதமன் அண்ணன் வந்தார்.

கே.ஜி.எஃப்.பிலேயே பாலகாட் சுரங்கப் பக்கத்துக்காரர். மைன்ஸ் இருந்த காலத்தில், சுரங்கத்துக்குள் இறங்குகிற குழியான ஷாஃப்டில் பெல்காரர். ஆட்களை ஏற்றி இறக்குகிற இரும்புக் கூண்டு இருக்கிறதே, கேஜ், அதற்கு மணியடித்துச் சைகை கொடுக்கிற வேலை. மைன்ஸ் மூடிய பிறகு எல்லாரையும் போல அவரும் விடிகாலை ரயிலில் பெங்களூர் போய், ஏதோ அடுக்குமாடிக் கட்டடத்தில் செக்யூரிட்டியாக நின்றார். அவர் ஏறுகிற பெட்டியில் இடம் பிடிக்க அடிதடி என்று ஊரில் சொல்வார்கள். ஆளைப் போலவே பேசிக் காட்டுவதில் அப்படிக் கெட்டிக்காரர். அதிலும் பழைய மைன்ஸ் கேப்டன் ஒருவர், சுரங்கத்தில் ஆட்களை மேய்க்கிற அதிகாரி, தூசி தின்று தின்று கரகரத்துப் போன தொண்டை, அந்தக் குரலில் பேசினார் என்றால் பெட்டியே குலுங்குமாம்.

மனைவி மல்லிகாவோடு வந்து உட்கார்ந்தார். பேச வாயைத் திறந்தால் அரம் போட்ட மாதிரி ஒரு குரல்.

"எத்தனை மாசமா இப்படி?" என்று டாக்டர் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"தெரியலீங்க டாக்டர்."

"கூடவே இருக்கீங்க, தெரியலியா?"

மல்லிகா முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னார்: "கேப்டன் கொரல்ல பேசறாருன்னு நெனச்சிகினு இருந்தோம் டாக்டர். எப்பவும் பண்றதுதானே. ரயில்லயும், இன்னாப்பா, இப்பல்லாம் நாள் பூரா கேப்டன்தானான்னு கேட்டுச் சிரிச்சிருக்காங்க. நானும்தான் சிரிச்சேன். நம்ம கொரல்ல பேசுய்யா, புள்ளைங்க பயப்படுதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன்."

"நானே அப்டித்தான் டாக்டர் நெனச்சேன்" என்றார் அவர். "கொரலு நல்லா அமைஞ்சி வந்துகீதேன்னு சந்தோசமா இருந்தேன்."

டாக்டர் பேனாவை மேஜை மேல் வைத்துவிட்டார். வேறு எந்த ஊரில் இப்படி ஒரு தப்பு நடக்கும்? ஒரு மனுஷன் தொண்டையில் வியாதி வளர வளர, இன்னும் நன்றாகச் செய்கிறார் என்று கைதட்டியிருக்கிறார்கள்.

மயக்கம் கொடுத்து உள்ளே பார்க்க வேண்டும், கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். மூச்சுப் போகிற வழி ரொம்பக் குறுகிவிட்டது, தொட்டதும் வீங்கினால் கழுத்தில் துளை போட வேண்டி வரும் என்றார்.

"அப்புறம் பேச முடியாதா?"

"உயிர் பத்திரமா இருக்கும்."

"அது சரிங்க டாக்டர். பேச முடியாதா?"

"முடியாமப் போகலாம். பெரிய வியாதியா இருந்தா பெங்களூர்ல குரல்வளையவே எடுக்கச் சொல்வாங்க. பொய் சொல்ல மாட்டேன்."

அவர் மல்லிகாவிடம் திரும்பி, "அப்ப கடைசியா பேசறது எதனா நல்லதா இருக்கணும். உன்னத் திட்டிட்டுப் போயி படுத்தா அதுவே நின்னுடும்" என்றார். மல்லிகா அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். கண் கலங்கியிருந்தது.

ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் தியேட்டரில் நாங்கள் மூன்று பேர். டாக்டர், நான், பெங்களூரிலிருந்து வந்திருந்த மயக்க மருந்து டாக்டர். கௌதமன் அண்ணன் டேபிளில் படுத்திருந்தார். நான் உதட்டில் வாசலின் தடவினேன்.

"இன்னா சிஸ்டர், லிப்ஸ்டிக்கா?"

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டாக்டர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

"டாக்டரம்மா, ஒரே ஒரு கதை. சின்னதுதான்."

டாக்டர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அண்ணன் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார். மூச்சு வாங்க வாங்க, அந்தக் கரகரத்த கேப்டன் குரலில் ஆரம்பித்தார்.

"புதுசா ஒரு தொரை வந்தாரு. எனக்கு பயமே கெடையாது, எத்தினி லெவல் வேணா எறங்குவேன்னு ஒரே பீத்தல். கேஜுல ஏத்தினேன். சார், உள்ள பேசினா மேல கேக்காது, எதுனா வேணும்னா கம்பில தட்டுங்கன்னு சொல்லிக் குடுத்தேன். கேஜு வுட்டான் பாரு, கல்லு வுழுற மாதிரி போவுது. தொரை என் கையப் புடிச்சிகினாரு. அப்புறம் இடுப்பப் புடிச்சிகினாரு. அடியில போயி நின்னுச்சி. கதவத் தொறந்து நான் கேக்கறேன், சார், நம்ம மைன்ஸ் எப்டி கீதுன்னு. தொரை வாயே தொறக்கல…"

நிறுத்தினார். கையை மெல்லத் தூக்கி, விரல் முட்டியால் டேபிள் விளிம்பில் ஒரு தட்டு தட்டினார். டொக்.

நாங்கள் அடுத்து என்ன என்று காத்திருந்தோம். அவர் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மூச்சு இழுத்தது. மூச்சு முட்டித்தான் தட்டுகிறார், கதையை முடிக்க முடியவில்லை என்று நாங்கள் நினைத்தோம். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"போதும் அண்ணா, கஷ்டப்படாதீங்க. மீதிய அப்புறம் கேக்கறோம்" என்றார் டாக்டர். மாஸ்க்கைத் தானே வாங்கி அவர் முகத்தில் வைத்தார்.

நாக்கடியைப் பார்க்க வாய்ப்பூட்டு வைத்தோம். கிளிக், கிளிக். பிறகு குழாய் வைத்துத் தொண்டைக்குள் பார்த்தார். பயந்த மாதிரியே தொட்ட இடம் வீங்கியது. டாக்டர் உள்ளங்கையை நீட்டினார், நான் கத்தியை வைத்தேன், கழுத்தில் துளை போட்டார். உயிர் தப்பியது. குரல் அன்றோடு போனது.

வார்டில் அவருக்கு ஒரு சிலேட் வாங்கிக் கொடுத்தோம். தண்ணீர், வலி, மல்லிகா சாப்பிட்டாளா, இப்படி எழுதுவார். மறுநாள் டாக்டர் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "அண்ணா, அந்தத் துரை கதை பாதியில நின்னுபோச்சு. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. மீதி எழுதிக் காட்டுங்க" என்றார்.

அவர் சிலேட்டைத் தள்ளி வைத்துவிட்டார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். கட்டில் கம்பியில் ஒரு தட்டு தட்டினார்.

தலைமாட்டை உயர்த்தச் சொல்கிறார் என்று நினைத்து நான் கைப்பிடியைச் சுற்றிக் கட்டிலை உயர்த்தினேன். உடனே அவர் உடம்பெல்லாம் குலுங்கியது. சத்தமே இல்லை, குலுக்கல் மட்டும். கண்ணில் தண்ணீர் வழிந்தது. இருமல் என்று சளி உறிஞ்சுகிற குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் இது நடந்தது. கதையைப் பற்றிக் கேட்பார். கௌதமன் அண்ணன் ஒரு தட்டு தட்டுவார். நான் மாங்கு மாங்கென்று கட்டிலை உயர்த்துவேன். அவர் குலுங்குவார். "இந்த மனுஷனுக்கு எவ்வளவு உயர்த்தினாலும் போதாது மேடம்" என்று டாக்டரிடம் அலுத்துக்கொண்டேன்.

பரிசோதனை முடிவு கெட்டதாகத்தான் வந்தது. பெங்களூரில் குரல்வளையை எடுத்தார்கள். திரும்பி வந்து கொஞ்ச காலம் நன்றாக இருந்தார். ரயில் நண்பர்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்களாம், இவர் கேட்டுக்கொண்டிருப்பாராம். பிறகு வியாதி நுரையீரலுக்குப் போய்விட்டது. சாவுக்கு நானும் டாக்டரும் போனோம். சுவரில் புத்தர் படத்துக்குக் கீழே கிடத்தியிருந்தார்கள். அந்த அழுகைக்கு நடுவே கதையைப் பற்றி யாரிடம் கேட்பது? மல்லிகா பிறகு பேத்தமங்களாவில் மகள் வீட்டோடு போய்விட்டார்.

டேபிள் பக்கத்தில் யாரும் பேசக்கூடாது என்கிற அந்தச் சட்டத்தை டாக்டர் மாற்றிவிட்டார். எங்களுக்குத்தான் அப்போதும் பேச அனுமதி இல்லை. டேபிளில் படுத்திருக்கிறவர் பேசலாம். வீட்டுக் கதையோ சாமி பேரோ, எதைச் சொன்னாலும் மாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். "முடிஞ்சுதா? தூங்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார். ஓய்வு பெற்று மைசூர் போன பிறகும் ஒவ்வொரு யுகாதிக்கும் போன் செய்வார். வாழ்த்து சொல்லிவிட்டு, வைப்பதற்கு முன்னால், "சிஸ்டர், அந்தத் துரை என்னதான் சொன்னாராம்? யார்கிட்டயாச்சும் தெரிஞ்சுதா?" என்று கேட்பார். தெரியலை மேடம் என்பேன். "நான் அவசரப்பட்டுட்டேன். இன்னொரு நிமிஷம் விட்டிருக்கலாம்" என்பார்.

அந்தப் படம் குழுவில் வந்த அதே வாரம் ஒரு வளைகாப்புக்குப் பேத்தமங்களா போயிருந்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது மல்லிகா. நரைத்து, இளைத்து, கண்ணாடி போட்டிருந்தார். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது.

"கமலா சிஸ்டர்தானே? இன்னா இப்டி ஊதிட்டீங்க?"

பேசினோம். பேரப்பிள்ளைகள், சர்க்கரை வியாதி எல்லாம் முடிந்தது. இத்தனை வருஷம் தொண்டையில் இருந்ததைக் கடைசியில் கேட்டுவிட்டேன். "மல்லிகா, ஒரு துரை கேஜ்ல இறங்கின கதை சொல்லுவாரே அண்ணன், அதுக்கு முடிவு என்ன? டேபிள்ல படுத்துக்கிட்டுச் சொன்னார், பாதியில நின்னுபோச்சு."

"எதுல நிறுத்தினாரு?"

"நம்ம மைன்ஸ் எப்படி இருக்குன்னு கேட்டாராம், துரை வாயே திறக்கலையாம். அதோடு சரி. அப்புறம் டேபிள்ல ஒரு தட்டு தட்டினார், அவ்வளவுதான்."

மல்லிகா என்னை விநோதமாகப் பார்த்தார். "அவ்ளோதான் சிஸ்டர் கதை" என்றார். "தொரை வாயே தொறக்கல…" என்று கணவர் மாதிரியே இழுத்து நிறுத்தி, முன் சீட்டுக் கம்பியில் விரல் முட்டியால் தட்டினார். டொக்.

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், திரும்பிக்கூடப் பார்க்காமல், கெக்கெக்கே என்று சிரித்தார். "ஏத்து, ஏத்து!" என்றார். பிறகு திரும்பி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, புரியலியா? கேஜு நிக்கறப்ப ஒரு தட்டு தட்டினா மேல ஏத்துன்னு அர்த்தம். பீத்திகினு எறங்கின தொரைக்குப் பேச நாக்கு வரல. தட்டிட்டாரு. யப்பா, என்னை மேல கொண்டுபோயி வுட்டுடுன்னு. மைன்ஸ்ல இத்தக் கேட்டுச் சிரிக்காத ஆளே கெடையாது" என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றுவிட்டது. வார்டுக் கட்டில் ஞாபகம் வந்தது. அவர் தட்டத் தட்ட, நான் ஒன்றும் தெரியாமல் மேலே மேலே ஏற்றியிருக்கிறேன். அவர் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார், நான் சளிக் குழாயோடு ஓடியிருக்கிறேன். அந்த வரைக்கும் சந்தோஷம். ஆனால் தியேட்டரில்? கதை சொல்கிறவன் சொல்லி முடித்துவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பானே, அப்படித்தான் பார்த்திருக்கிறார். மூன்று முகமும் கல் மாதிரி இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் டாக்டருக்குப் போன் போட்டேன். யுகாதி இல்லாத நாளில் என் போன் வந்ததும் பதறிவிட்டார். ஒன்றுமில்லை மேடம், கதையின் முடிவு கிடைத்துவிட்டது என்றேன். முதலிலிருந்து சொன்னேன். கேப்டன் குரல் எனக்கு வரவில்லை. மேஜையில் தட்டிக் காட்டினேன். ஒரு தட்டுக்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன்.

"ஹௌதா? அப்படியா?" என்றார். ஒரு சின்னச் சிரிப்புக் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று, "மேடம், மேடம்" என்று கூப்பிட்டேன்.

"இருக்கேன். அப்போ கதை பாதியில நிக்கல. முடிச்சுட்டார்."

"முடிச்சுட்டார் மேடம்."

"நாம சிரிப்போம்னு காத்துட்டு இருந்திருக்கார். நான் மாஸ்க்கை வெச்சேன்."

நான் அப்போதுதான் செருப்பைக் கழற்றினேன். அவரே மறுபடியும் பேசினார்.

"ஒருத்தர் சிரிச்சிருந்தாக்கூடப் போதும், சிஸ்டர். அதைக் கேட்டுட்டே தூங்கியிருப்பார்."